தராசு வாங்கிய கத்தி

என் தங்கச்சி புருஷனுக்கு எங்கள் வேலையிடத்தில் தராசு என்று பெயர். வைத்தவன் நான்தான். செருப்புக் கடைக்குப் போனால் வலது காலில் ஒரு ரகம், இடது காலில் வேறொரு ரகம் மாட்டிக்கொண்டு கடையை ஒன்பது தடவை குறுக்கும் நெடுக்கும் அளந்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று பழைய செருப்போடேயே வெளியே வருகிற மனுஷனை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? என் தங்கச்சியைக் கட்டிக்கச் சம்மதமா என்று கேட்டுவிட்டு நாங்கள் நாலு மாதம் காத்திருந்தோம். "ஏன்யா, பொண்ணைப் பிடிக்கலையா?" என்று நேரிலேயே கேட்டேன். "பிடிச்சிருக்கு. அதனாலதான் யோசிக்கிறேன்" என்றான். அன்றைக்கே இவனை எழுந்து போகச் சொல்லியிருப்பேன், தங்கச்சி முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் தொழில் மரம் வெட்டுவது. காட்டு மரம் இல்லை. வீட்டுக் கூரைமேல் சாய்ந்தது, மின்கம்பியோடு மல்லுக்கு நிற்பது, பள்ளிக்கூடச் சுவரைத் தள்ளுவது, இப்படி ஊருக்குள் நிற்கிற மரங்கள். அடியில் வெட்டிச் சாய்க்க இடம் இருக்காது. அதனால் மாப்பிள்ளை பெல்ட்டும் முள்பூட்ஸும் போட்டுக்கொண்டு உச்சிக்கு ஏறி, மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக்கொண்டே இறங்குவான். ஒவ்வொரு துண்டையும் அறுப்பதற்கு முன் கயிற்றில் கட்டுவான். அந்தக் கயிறு மேலே ஒரு கப்பி வழியாக வந்து கீழே என் கையில் இருக்கும். துண்டு விழுந்ததும் நான் அதைத் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும். என் கை தப்பினால் கூரை போகும், அவன் கை தப்பினால் அவனே போவான். போனில் பேசி வேலை பிடிப்பதும், மரத்தைப் பார்த்து விலை சொல்வதும் தங்கச்சி. இவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

அதற்கு முன் பதினோரு வருஷம் நான் சலூன் வைத்திருந்தேன். சவரக்கத்தி பிடித்தால் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, கன்னத்தில் கத்தி ஓடுவதே தெரியாது என்பார்கள். ஆனால் வாய் சும்மா இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தவனிடமெல்லாம் வம்பு இழுத்து, கடைசியில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். "எங்கூட வா மச்சான், கயிறு பிடி" என்று கூப்பிட்டவன் தராசுதான். அதற்குக்கூட ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் கூப்பிட்டான்.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள், மூன்று மாடி உயரத்தில் அவன் ஒரு கிளையைப் பாதி அறுத்திருந்தான். கிளையைக் கட்டிய கயிற்றில் தளர்வாகத் தொங்கிய பகுதி காற்றில் ஆடி அவன் இடது மணிக்கட்டில் சுருக்குப் போட்டுக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கிளை முறிய ஆரம்பித்தது. கிளை போனால் கயிறு இறுகும், கையையும் பிய்த்துக்கொண்டு போகும். அவன் சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துப் பல்லால் திறந்து கயிற்றை அறுத்தான். மழுங்கிய கத்தி. ஒன்பது இழுப்பு இழுத்தான். ஒன்பதாவது இழுப்பில் கயிறு அறுந்தது, அடுத்த மூச்சில் கிளை விழுந்தது. இறங்கி வந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் சொன்னான்: "மச்சான், ஒரு நல்ல கத்தி வந்ததும் ஏறுறேன்."

"சரி, வாங்கிட்டு வா. சாயங்காலம் ஏறலாம்" என்றேன். விவரம் கெட்டவன் நான்.

அந்தச் சாயங்காலம் ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவரை ஏணி எட்டுகிற உயரத்துக்கு மேல் அவன் போகவில்லை. வேலி கத்தரிப்பது, வாழை சாய்ப்பது என்று சில்லறை வேலைகளாகச் செய்துகொண்டிருந்தோம். பெரிய மரம் என்று யாராவது போன் செய்தால் தங்கச்சி ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துவிடுவாள். எங்களில் ஏறத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் ஏறாவிட்டால் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு நான் மறுபடி சீப்பும் கத்தரிக்கோலும் தூக்க வேண்டியதுதான்.

கத்தி இல்லாமலா போய்விட்டது உலகத்தில்? எங்கள் தெரு முனை இரும்புக் கடையில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட கத்தி அட்டை அட்டையாகத் தொங்குகிறது. வெளிவேலைக்காரர்கள் எல்லோர் இடுப்பிலும் அதுதான். என் இடுப்பிலும் அதுதான். கயிறு அறுப்பேன், சாக்கு கிழிப்பேன், பெயின்ட் டப்பா மூடியை நெம்புவேன். மழுங்கினால் வாசற்படி சிமென்ட்டில் நாலு தேய்ப்பு தேய்த்துவிட்டு மறுபடி சொருகிக்கொள்வேன். தொலைந்தால் கவலை இல்லை, இன்னொன்று வாங்கினால் ஆயிற்று.

அவனும் ஒன்று வாங்கினான். வாங்கிப் பத்து நாள் சோதித்தான். கத்தியை உறையில் போட்டு, உறையை மார்பில் தலைகீழாகக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் குதித்தான். இரண்டாவது குதியில் கத்தி நழுவி விழுந்து, காயப்போட்டிருந்த தங்கச்சி புடவையைக் கிழித்தது. கையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பிடித்துப் பார்த்தான், வழுக்கியது. "வெட்டுறது நல்லாத்தான் வெட்டுது மச்சான். ஆனா மேல நான் தலைகீழாத் தொங்குறப்ப இது எங்கூட இருக்குமா?" என்றான்.

"ரெண்டா வாங்கி ரெண்டு பக்கமும் சொருகிக்க. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு."

"ரெண்டும் ஒரே மாதிரி விழுந்தா?"

இவனிடம் பேசி ஜெயிக்க முடியுமா? எனக்கு மண்டை காய்ந்தது.

அப்புறம்தான் அந்தப் பல் டாக்டரைக் கண்டுபிடித்தான். பல் வைத்தியத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கையாலேயே கத்தி செய்கிறவர். ஆளுக்கேற்ற அளவு, வேலைக்கேற்ற வடிவம். அவரிடம் கத்தி வாங்க வரிசை நின்றது. விலை, நல்ல சைக்கிள் ஒன்று வாங்கலாம். "பல்லைப் பிடுங்குனது பத்தாதுன்னு இப்ப பணத்தையும் பிடுங்குறாரா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் அவன் உள்ளங்கையைக் களிமண்ணில் பதித்துக்கொண்டாராம், வேலைக்குப் போடும் கையுறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம், எந்தக் கயிறு என்று ஒரு முழம் வெட்டிக்கொண்டு வரச் சொன்னாராம். "அந்த இரும்புக் கடைக்காரன் எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டானா மச்சான்?" என்றான்.

"கேட்டானே. சில்லறை இருக்கான்னு கேட்டான்."

இப்படியே நாள் போனது. இவன் குட்டி போட்ட பூனையாக வீட்டுக்கும் கொட்டகைக்கும் அலைந்தான். ஒரு நாள் டாக்டர் கத்தியே முடிவு என்பான், மறுநாள் காலையில் ஆரஞ்சுக் கத்தியின் உறைக்கு ரப்பர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாப்பிடும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவனைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொள்ளவில்லை. "ஒரு கத்திக்கு ஏழு மாசமா! இதுக்குள்ள ஒரு பிள்ளையே பெத்திருக்கலாம்டா" என்று கத்தினேன். தங்கச்சி உள்ளேயிருந்து, "ஏழு மாசத்துல பெத்தா குறைப்பிரசவம்ணே. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவள் புருஷன் எதற்கு இப்படி அலைகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். மணிக்கட்டில் அந்தக் கயிற்றுத் தழும்பு இன்னும் இருக்கிறதே. பயந்திருக்கிறான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவன் பயந்தால் நானும் பயப்பட வேண்டியிருக்குமே.

ஒரு சனிக்கிழமை கத்தி கைக்கு வந்தது. வேனில் போய்த்தான் வாங்கி வந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான கத்தி. அவன் விரல்கள் போய் உட்காரக் கைப்பிடியில் நாலு பள்ளம், கைப்பிடி முடிகிற இடத்தில் விரல் வழுக்காமலிருக்க ஒரு தடுப்பு. உறையைத் தலைகீழாக உதறினாலும் கத்தி அசையவில்லை. என் கையில் பிடித்தால் பொருந்தவே இல்லை, அவன் கைக்கென்றே செய்தது. மாப்பிள்ளை முகத்தில் ஏழு மாதமாக இல்லாத தெளிவு இருந்தது. "திங்கக்கிழமை ஏறுறேன் மச்சான். நூலகத்துல இருந்து ஒரு மரத்துக்குக் கேட்டாங்கல்ல, சரின்னு சொல்லிடச் சொல்லி உன் தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

திரும்பி வரும்போது ஏதோ சொல்ல ஆரம்பித்தான். "டாக்டர் என்ன சொன்னாருன்னா மச்சான், இந்தக் கூர் இருக்குல்ல, இதை..." ஏழு மாதமாகக் கத்திப் புராணம் கேட்டவன் நான். "போதும்டா சாமி, வாங்கியாச்சுல்ல" என்று சொல்லி ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கத்தி மேஜைமேல் இருந்தது. எடுத்துக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். பதினோரு வருஷம் சவரக்கத்தி பிடித்த விரல் இது. கூரில் சொரசொரப்பு தட்டியது. மணல் பட்ட தகடாட்டம் நறநறவென்றிருந்தது. இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு சாணையைக்கூட முடிக்காமல் கொடுத்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் மட்டும் என்றால் பொய். இத்தனை மாதம் அவனைக் கிண்டல் செய்த பாவத்துக்கு ஏதாவது செய்யலாம் என்றும் இருந்தது. அந்தக் கத்தியில் என் கையும் பட்டிருக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது.

பரணிலிருந்து என் பழைய பெட்டியை இறக்கினேன். வழுவழுப்பான கல்லும் தோல்வாரும் இருந்தன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தீட்டினேன். கைப்பிடித் தடுப்பு இடித்ததால் அடியில் அரை அங்குலம் மட்டும் கல் எட்டவில்லை. மற்றபடி முழுக் கூரும் கண்ணாடியாகிவிட்டது. முழங்கையில் வைத்தேன், முடி ஊதிவிட்டாற்போல உதிர்ந்தது. திருப்தியாகத் துடைத்து உறையில் போட்டு வைத்தேன். சொல்லாமல் வைத்தேன். அவன் மேலே போய் ஒரே இழுப்பில் அறுத்துவிட்டு, "என்னா கூர் மச்சான்!" என்று சொல்லும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை லேசான தூறல். நூலகத்தின் பின்னால் நின்ற தைலமரத்தில் பாதி உடம்பு கூரைமேல் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளை கத்தியை மார்பில் கட்டிக்கொண்டு ஏறினான். ஏழு மாதம் ஏறாதவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு சுத்தமான ஏற்றம். நாலு துண்டு இறக்கினோம். தங்கச்சி தெருவில் நின்று ஆட்களை விலக்கிக்கொண்டே எனக்குக் கை காட்டினாள். எனக்குப் பாட்டுக்கூட வந்தது.

ஐந்தாவது துண்டை முக்கால்வாசி அறுத்தபோது மரம் மெஷின் ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. ரம்பத்தை விட்டுவிட்டு ஒரு அடி இறங்கினான். அப்போது மழையில் கனத்துத் தொங்கிய கயிற்றின் தளர்வு அவன் வலது பூட்ஸின் முள்ளுக்கு மேல் சுற்றிக்கொண்டது. காலை உதறினான். சுருக்கு விழுந்துவிட்டது. மேலே தைலமரம் மடமடவென்று முறிய ஆரம்பித்தது. போன வருஷம் கேட்ட அதே சத்தம்.

கீழே கயிறு என் கையில் இருக்கிறது. இழுத்தால் சுருக்கு இறுகும், விட்டால் துண்டு கூரையில் விழும், விழுகிற வேகத்தில் அவன் காலையும் இழுக்கும். "அறுடா! அறு!" என்று கத்தினேன்.

அவன் கத்தியை உருவினான். தலைகீழாகக் குனிந்து, ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கயிற்றில் வைத்து இழுத்தான். கத்தி வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி வழுக்கியது. கீழிருந்து பார்க்கிறேன், கூர் பளபளவென்று மின்னுகிறது, ஈரக் கயிற்றின்மேல் சறுக்குகிறது, ஒரு நார்கூட அறுபடவில்லை. மூன்று, நாலு, ஐந்து. இந்தக் கத்தி என் முழங்கையில் முடி வழித்த கத்தியாயிற்றே, இது ஏன் அறுக்க மாட்டேன் என்கிறது?

ஆறாவது தடவை அவன் அவசரப்படவில்லை. மரம் முறிந்துகொண்டிருக்கிறது, அவன் கத்தியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறான்! அடப்பாவி, இப்பவுமா யோசிப்பாய் என்று அலறினேன். பார்த்துவிட்டு, கைப்பிடியை ஒட்டின அடிப்பகுதியைக் கயிற்றில் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தான். கயிறு அறுந்தது. துண்டு விழுந்த சத்தத்தில் தெருவே திரும்பியது. நூலகக் கூரையில் பத்துப் பதினைந்து ஓடுகள் உடைந்தன. அவன் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி முழுசாக இருந்தான்.

இறங்கி வந்தான். தண்ணீர் கேட்கவில்லை, வேனுக்குப் போகவில்லை. கத்தியை என் முன் நீட்டினான். நீளமெல்லாம் பளபளப்பு, அடியில் அரை அங்குலம் மட்டும் மங்கல். எங்கே என் கல் எட்டவில்லையோ அங்கே.

"டாக்டர் வேணும்னேதான் சாணையை முழுசா முடிக்காமக் குடுத்தாரு" என்றான். குரல் உயரவில்லை. "கண்ணுக்குத் தெரியாத பல்லு இருக்கு, அதுதான் ஈரக் கயித்தைக் கடிக்கும், வழவழப்பாக்கிடாதீங்க, சறுக்கும்னு சொன்னாரு. என் கயித்துலயே அறுத்துக் காட்டினாரு. இதை யாரு தீட்டினது?"

பொய் சொல்ல ஒரு நொடி மனசு போனது. டாக்டர் தலையில் போட்டுவிடலாம். ஆனால் முழங்கையில் ஒரு பக்கம் முடி இல்லாமல் நிற்கிறேன், எப்படிச் சொல்வது? "நான்தாண்டா" என்றேன். "நல்லதுன்னு நெனச்சுத்தான்... முடி வழிச்சுதுடா, அவ்வளவு கூரு."

"நான் மேல முடியா வெட்டப் போனேன்?"

தங்கச்சி ஓடி வந்தாள். விஷயம் புரிந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாண்ணே? அவரு ஏழு மாசம் ஆயிரம் பேரைக் கேட்டாரே, நீ ஒருத்தரைக் கேட்டியா?" என்றாள். என் இடுப்பில் தொங்கிய ஆரஞ்சுக் கத்தியைப் பார்த்தேன். சிமென்ட்டில் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிற கரடுமுரடான கத்தி. இத்தனை வருஷம் ஈரக் கயிற்றை அது பட்டென்று அறுத்தது எதனால் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருக்கிறேனா? விலையுயர்ந்த கத்தி என்றால் பளபளக்க வேண்டும் என்று நினைத்தவன் நான்தான், அவன் இல்லை. வெட்கமாக இருந்தது. அவனைக் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தபோது வேன் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "மிச்ச மரத்தை முடிக்கணுமே மாப்பிள்ளை. கயிறு நான் பிடிக்கட்டுமா?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். செருப்புக் கடையில் அப்படித்தான் பார்ப்பான். கத்தியைத் துடைத்து உறையில் போட்டான்.

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்" என்றான்.

இன்றைக்கு ஆறாவது நாள். உடைந்த ஓடுகளையெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டோம், பாதி மரம் அப்படியே நிற்கிறது. அவன் ஏறத்தான் போகிறான், அதில் சந்தேகமில்லை. டாக்டரிடம் போய்ச் சொரசொரப்பான கல் ஒன்று வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து கத்தியின் பழைய பல்லைத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருக்கிறான். ஒரு வாளித் தண்ணீரில் கயிற்றுத் துண்டுகளை ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அறுத்துப் பார்க்கிறான். பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுவிட்டான். பக்கத்துத் தெருவில் கயிறு பிடிக்கத் தெரிந்த ஒருத்தன் இருக்கிறான், நேற்று அவனோடு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

நான் வேனுக்குப் பின்னால் எங்கள் கயிற்றைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக இருக்கிறேன். காலையிலிருந்து எத்தனை தடவை சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வாசல் பக்கம் கண் போகிறது. தங்கச்சி டீ கொண்டு வந்து வைத்தாள். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனாலும் என் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நான் வேணா கேட்கட்டாண்ணே? இப்பவே ஒரு முடிவு சொல்லச் சொல்றேன்."

"வேண்டாம்மா" என்றேன். "அவசரப்படுத்தாத. நல்லா யோசிக்கட்டும்."